நகக்கலைப் பயிற்சிக்கு மகளை அனுப்பும் முன்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு, கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத வீடுகளிலும், வசதியிருந்தும் தூரத்திற்கு அனுப்ப மனமில்லாத வீடுகளிலும் ஒரே பேச்சுத்தான் எழுகிறது: பிள்ளை ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள்ளட்டுமே. முன்பெல்லாம் அந்தக் கைத்தொழில் தையலாக இருந்தது. பிறகு ஆரி வேலை வந்தது, மெஹந்தி வந்தது. இப்போது திசையன்விளை போன்ற சிற்றூர்களிலும் பெண்பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு "நெயில் டெக்னீஷியன் படிக்கிறேன்" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நகங்களைச் சீராக்குதல், கை கால் பராமரிப்பு, ஜெல் பூச்சு, செயற்கை நகம் பொருத்துதல், நக ஓவியம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே இந்தத் தொழில்.

இக்கேள்விக்கு நம் சமுதாயத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒரு சாரார், நகப்பூச்சு உளூவைத் தடுக்கும், எனவே இந்தத் தொழிலே வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மறுசாரார், எந்த நிலையம் குறைந்த நாளில் டிப்ளமோ தருகிறதோ அங்கே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே அந்தப் பிள்ளைக்கு உதவுவதில்லை. மார்க்கத்தைப் பேணுகின்ற ஒரு பெண் இந்தத் தொழிலைக் கற்க முடியும், கற்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எங்கே கற்கிறாள் என்பதைக் குடும்பம் ஒரு வியாபார ஒப்பந்தத்தை ஆராய்வதுபோல ஆராய வேண்டும். அப்படி ஆராயும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நகத்தை எப்படி அலங்கரிக்கக் கற்றுத் தருவீர்கள் என்பதன்று. அலங்காரத்தை எப்படி அகற்றக் கற்றுத் தருவீர்கள் என்பதே.

ஏன் என்பதற்கு மார்க்கச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். சூரத்துல் மாயிதாவின் ஆறாவது வசனம் முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கழுவுமாறு கட்டளையிடுகிறது. ஒருவர் உளூச் செய்தபோது காலில் நகமளவு இடம் நனையாமல் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று உளூவை ஒழுங்காகச் செய்யும்படி அவரை அனுப்பியதாக உமர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆகவே நகத்தின் மேல் படலமாக நிற்கும் பூச்சு இருக்கையில் உளூவும் கடமையான குளிப்பும் நிறைவேறாது. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இதுதான் சட்டம். மருதாணி படலமாக நிற்பதில்லை, நிறத்தை மட்டுமே விட்டுச் செல்கிறது. எனவே அதற்குத் தடையில்லை.

அதே வேளையில், பெண்ணின் நகத்திற்கு அலங்காரமே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கடிதம் நீட்டிய ஒரு பெண்ணின் கையைப் பார்த்து, அது ஆணின் கையா பெண்ணின் கையா என்று தெரியவில்லையே என நபி (ஸல்) அவர்கள் கேட்டதாகவும், பெண்ணாயிருந்தால் நகங்களுக்கு மருதாணியிட்டிருப்பாயே என்ற கருத்தில் சொன்னதாகவும் அபூதாவூதிலும் நஸாயீயிலும் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே விவாதம் இருந்தாலும், நகத்தின் அழகு பேசக்கூடாத பொருளன்று என்பதற்கு இதைச் சுட்டிக்காட்டுகிறேன். செயற்கை நகத்தை ஒட்டி நீளமாக்குவது வேறு விஷயம். ஒட்டுமுடி வைப்பதைக் கண்டித்த ஹதீஸோடு ஒப்பிட்டு அதைத் தவிர்க்கச் சொல்லும் ஆலிம்கள் பலர். நகம் வெட்டுவதை நாற்பது நாட்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் வரம்பையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது தொழிலுக்கு வருவோம். திசையன்விளையிலோ ஏர்வாடியிலோ மேலப்பாளையத்திலோ நம் பிள்ளையிடம் வரப்போகும் முஸ்லிம் வாடிக்கையாளர்கள் யார்? ஐவேளைத் தொழுகின்ற பெண்கள், திருமணத்திற்காக அலங்கரித்துக்கொள்பவர்கள், தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் பூச்சு போட்டுக்கொள்ள விரும்புபவர்கள். இவர்கள் அனைவருக்கும் பூச்சைக் குறித்த நேரத்தில் அகற்றியாக வேண்டும். சாதாரணப் பூச்சை ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். ஜெல் பூச்சு அப்படியன்று. மேற்பரப்பை மெல்ல அரம் தேய்த்து, அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்துத் தாளால் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகுதான் வழித்தெடுக்க வேண்டும். பொறுமையின்றிப் பிய்த்தால் இயற்கை நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரிந்து வரும். மய்யித்தைக் குளிப்பாட்டும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜெல் நகத்தோடு இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் நிற்கும் நிலை எவ்வளவு வேதனையானது என்று சொல்வார்கள். அகற்றும் கலையை முறையாகக் கற்ற ஒரு பெண் ஊருக்கு ஒருத்தி இருந்தாலே அது ஒரு சேவை.

"ஹலால் பூச்சு வந்துவிட்டது, இனி அகற்ற வேண்டியதே இல்லை" என்று சில நிலையங்கள் சொல்லும். போலந்தின் இங்லாட் நிறுவனம் காற்றும் ஈரமும் ஊடுருவும் ஒரு பூச்சை வெளியிட்டதும், 2012, 2013 வாக்கில் அது முஸ்லிம் பெண்களிடையே உலகெங்கும் பேசப்பட்டதும் உண்மை. காப்பி வடிகட்டும் தாளில் பூசி நீர்த்துளி விட்டுச் சோதித்தவர்களும் உண்டு. ஆனால் ஆவி ஊடுருவுவது வேறு, உளூவின் நீர் நகத்தைச் சென்று தொடுவது வேறு. அதை வைத்து வாடிக்கையாளரின் தொழுகைக்கு உத்தரவாதம் தரும் உரிமை எந்த அழகு நிலையத்திற்கும் இல்லை. இந்த வாசகத்தை விளம்பரத்தில் போடும் பயிற்சி நிலையம் மற்ற விஷயங்களிலும் எவ்வளவு அவசரப்படும் என்பதைப் பெற்றோர் ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சான்றிதழ். நம் நாட்டில் நகக்கலைத் தொழில் செய்ய உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் இல்லை. யார் வேண்டுமானாலும் நிலையம் தொடங்கலாம், யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதே தொழிலுக்கு 400 மணி நேரப் பயிற்சி முடித்து, தேர்வெழுதி, உரிமம் பெற வேண்டும். அங்கே இந்தத் தொழிலின் வரலாறே ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்துதான் திசைமாறியது. 1975 இல் வியட்நாம் போர் முடிந்து அகதிகளாக வந்த பெண்கள் சாக்ரமெண்டோ அருகே ஒரு முகாமில் தங்கியிருந்தனர். அவர்களுக்குத் தையல், தட்டச்சு எனப் பிழைப்புக்கு வழிதேடிக்கொண்டிருந்த நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்களை அப்பெண்கள் வியந்து பார்த்தனர். அவர் தம் நகப் பராமரிப்பாளரையே வரவழைத்துக் கற்றுக்கொடுக்கச் செய்தார். அதோடு விட்டிருந்தால் அது பொழுதுபோக்காக முடிந்திருக்கும். அருகிலிருந்த ஓர் அழகுக்கலைப் பள்ளியில் இருபது பெண்களைச் சேர்த்து, உரிமத் தேர்வில் தேறவைத்து, வேலைக்கும் வழிகாட்டினார்கள். இன்று அமெரிக்காவில் நக நிலையத் தொழிலில் வியட்நாமியப் பெண்கள் முன்னணியில் நிற்பதற்கு அந்த இருபது பேர் தொடக்கமாக அமைந்தார்கள். மொழி தெரியாத, கையில் காசில்லாத பெண்களுக்கு உதவியது வெறும் ஆர்வமன்று. மதிப்புள்ள ஒரு தேர்வை நோக்கி நடத்தப்பட்ட பயிற்சி.

நம்மிடம் உரிமம் இல்லாவிட்டாலும் மதிப்புள்ள சான்றிதழ்கள் இல்லாமலில்லை. ஒன்றிய அரசின் ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் காஸ்மெட்டாலஜி என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு உண்டு. முடிப்பவர்களுக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். நகப் பராமரிப்பு அதில் ஒரு பகுதிதான் என்றாலும், ஓராண்டு நிதானமாகக் கற்பதற்கு ஈடில்லை. பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில் என்ற அமைப்பு மேனிக்யூர், பெடிக்யூர், நெயில் டெக்னீஷியன் ஆகிய பணிகளுக்குத் தனித்தனித் தரநிலைகளை வகுத்துள்ளது. அதன் இணைப்புப் பெற்ற மையங்களில் கற்பித்தவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர். இந்த ஒரு வேறுபாடே போதும். தானே கற்பித்து, தானே தேர்வு வைத்து, தானே தங்க எழுத்தில் டிப்ளமோ தரும் நிலையத்தில் யாரும் தோற்பதில்லை. சுவரில் சிடெஸ்கோ, சிப்டாக் போன்ற வெளிநாட்டு அமைப்புகளின் முத்திரை மாட்டியிருந்தால், அந்த அமைப்பின் இணையதளத்தில் அந்த நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் தளத்திலும் அரசு ஏற்புப் பெற்ற மையங்களைத் தேடலாம்.

கட்டணம் கட்ட இயலாத குடும்பங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு வேறு. வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகுநிலையப் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாத காலம் இலவசமாகத் தரப்படுகிறது, உணவும் அங்கேயே. 18 வயது நிறைந்த கிராமப்புறப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். நகக்கலையின் நுணுக்கம் அங்கே முழுதாகக் கிடைக்காது. ஆயினும் இந்தத் தொழில் தன் மனதுக்கும் உடம்புக்கும் ஒத்துவருகிறதா என்பதைக் காசு செலவில்லாமல் அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடமில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவிலும், முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்திலும் தொழில் உதவிகள் பற்றி விசாரிக்கலாம். நம்மவர்கள் இந்த அலுவலகங்களின் படியேறுவதற்குக் காட்டும் தயக்கம் எனக்குப் புரிவதே இல்லை.

தனியார் நிலையத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், எங்கள் மதரஸாவில் ஓதிய ஒரு மாணவிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவளுடைய உம்மா காதணியையும் வளையலையும் அடகு வைத்து 40,000 ரூபாய் கட்டினார். வாப்பா இல்லாத வீடு. பதினைந்து நாள் வகுப்பில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கை பொம்மையில்தான் பயிற்சி. உயிருள்ள விரலில் அவள் வேலை செய்தது மூன்றே முறை. தருவதாகச் சொன்ன கருவிப் பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். சான்றிதழோடு ஓர் அழகு நிலையத்தில் வேலை கேட்டுப் போனபோது, அங்கிருந்த அம்மா அவளிடம் கொடுத்த முதல் வேலை ஒரு வாடிக்கையாளரின் ஜெல்லை அகற்றுவது. அது அவளுக்குக் கற்றுத் தரப்படவே இல்லை. அடகுக்கு வட்டி மட்டும் மாதந்தோறும் ஓடிக்கொண்டிருந்தது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம், எதைப் பற்றியது என்பதை நாம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறோம்: கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சலிக்காதீர்கள் என்ற அறிவுரையும் அதிலேயே உண்டு. பயிற்சிக் கட்டணத்திற்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். மொத்தக் கட்டணம், எத்தனை மணி நேரம், எத்தனை உயிருள்ள கைகளில் பயிற்சி, கருவிப் பெட்டியில் என்னென்ன பொருள், தேர்வுக் கட்டணம் தனியா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் நிலையத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "மாதத் தவணையில் கட்டலாம்" என்று சொல்லி நிதி நிறுவனத்தின் படிவத்தை நீட்டினால், அது வட்டிக் கடன். நிலையத்திடமே நேரடியாக வட்டியின்றி இரண்டு மூன்று தவணைகளில் கட்டுவதற்குக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். மஹல்லாவின் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாக இதற்குக் கொடுப்பதில் ஜமாஅத்தார் ஏன் யோசிக்க வேண்டும்? தையல் இயந்திரம் வாங்கித் தருவதைப் போன்றதுதானே இதுவும்.

உடல்நலம் பற்றி நான் நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. பெற்றோர் யாரும் கேட்காத பகுதி இது. ஜெல்லும் அக்ரிலிக்கும் அக்ரிலேட் வகை வேதிப்பொருள்களால் ஆனவை. விளக்கொளியில் முழுமையாக இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். பல் அடைப்பிலும் எலும்பு அறுவை சிகிச்சையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் பயன்படுவதால், பிற்காலத்தில் அங்கேயும் சிக்கல் வரலாம். இங்கிலாந்தின் தோல்நோய் மருத்துவர் சங்கம் 2018 இல் இதுபற்றி எச்சரித்தது. ஜெல் பூச்சுகளில் சேர்க்கப்பட்டுவந்த டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடைசெய்துவிட்டது. எம்.எம்.ஏ. என்ற மலிவான திரவத்தை அக்ரிலிக் நகங்களுக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக அமெரிக்க அரசு 1970களிலேயே நடவடிக்கை எடுத்தது. பயிற்சி நிலையத்திற்குச் சென்றால் இந்த மூன்று சொற்களையும் ஆசிரியையிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் நல்ல அறிகுறி. வகுப்பறையில் புகையை வெளியேற்றும் மின்விசிறி இருக்கிறதா, அல்லது ஏ.சி. போட்டுச் சன்னல்களை அடைத்து வைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். கர்ப்பிணியாகவோ பாலூட்டுபவளாகவோ இருக்கும் உங்கள் மருமகள் அங்கே நாள்முழுதும் உட்காரப்போகிறவளாக இருக்கலாம்.

கருவிகளின் சுத்தம் இன்னொன்று. ஒருவருக்குப் பயன்படுத்திய அரத்தை அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது; உலோகக் கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். சர்க்கரை நோயுள்ளவரின் காலில் சிறு கீறல்கூட ஆறாப் புண்ணாகிவிடும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத மூத்தவர்கள் எத்தனை பேர்? யாருக்கு இந்தச் சேவையைச் செய்யக் கூடாது என்பதைப் பாடமாக நடத்தும் நிலையமே பொறுப்புள்ள நிலையம். மெஹந்தியும் சேர்த்துக் கற்பிப்பதாக இருந்தால், கறுப்பு மெஹந்தியில் கலக்கப்படும் பி.பி.டி. என்ற சாயத்தால் மணப்பெண்களின் கை கொப்புளித்துப்போவது பற்றிச் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள்.

பர்தா, தொழுகை பற்றிப் பெரிதாக எழுத வேண்டியதில்லை. பெண்கள் மட்டுமே பயிலும் வகுப்பா, ஆண் வாடிக்கையாளரின் கையைப் பிடித்துப் பயிற்சி செய்யச் சொல்வார்களா, லுஹருக்குக் கால்மணி நேரம் கிடைக்குமா, பிள்ளைகளின் கைகளையும் முகத்தையும் படமெடுத்து விளம்பரத்திற்குப் போடுவார்களா என்ற நான்கையும் சேர்க்கைக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பயிற்சியின்போது தன் விரலிலேயே பூச்சைப் போட்டுப் பழகச் சொன்னால், தொழுகை இல்லாத நாட்களில் செய்கிறேன் என்று சொல்லும் துணிவைப் பிள்ளைக்கு ஊட்டி அனுப்புங்கள். மற்ற பெண்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஊரின் நிலையையும் பார்க்க வேண்டும். திசையன்விளையிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்வர நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் போய்விடும். நாகர்கோவிலும் பக்கமில்லை. ஆகவே தினமும் இரண்டு மணி நேரம் நடக்கும் மூன்று மாத வகுப்பைவிட, வாரத்தில் இரண்டு முழு நாட்கள் நடக்கும் வகுப்பு நமக்கு ஏற்றது. இன்னொன்று, செயற்கை நகம் மட்டும் கற்றுக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் திருமணமும் பெருநாளும்தான் காலம். மெஹந்தி, கை கால் பராமரிப்பு, மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றோடு நகக்கலையையும் ஓர் அங்கமாகக் கற்றவளுக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கும். செயற்கை நகம் விஷயத்தில் மனம் ஒப்பாதவள், அதைச் செய்யாமலேயே தொழிலை நடத்தவும் அது வழிவிடும். வளைகுடாவில் இருக்கும் உறவினர்களை நம்பி அங்கே வேலைக்குப் போகலாம் என்று எண்ணுபவர்கள், இரண்டாண்டாவது இங்கே ஒரு நிலையத்தில் வேலை செய்து அனுபவக் கடிதம் வாங்கிய பிறகு யோசிக்கட்டும்.

நபி (ஸல்) அவர்களின் மனைவியரில் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் செய்து, வந்த வருவாயைத் தர்மம் செய்தவர்கள். தங்களில் நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபியவர்கள் சொன்னதைக் கேட்டு, மற்ற மனைவியர் கைகளை அளந்து பார்த்தார்கள் என்றும், ஸைனப் (ரலி) மறைந்த பிறகே நீண்ட கை என்பதன் பொருள் விளங்கியது என்றும் ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். உழைக்கும் கை நம் பெண்களுக்குப் புதிதன்று என்பதை, இதையெல்லாம் கேட்டு முகம் சுளிக்கும் மாமிமார்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. சேரும் முன் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உம்மாவோ லாத்தாவோ கூடப் போகட்டும். அங்கே சென்ற ஆண்டு படித்து முடித்த இரண்டு பெண்களின் தொலைபேசி எண்ணை வாங்கி, இப்போது என்ன செய்கிறார்கள், முதல் ஆறு மாதத்தில் கையில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். ரமலானுக்கு முந்திய மாதங்களில் பயிற்சியை முடிக்கும்படி திட்டமிட்டால், பெருநாளுக்கு முந்திய நாட்களில் மெஹந்தி வைக்க வரும் கூட்டமே பிள்ளையின் முதல் வாடிக்கையாளர்களாக அமைவார்கள், இன்ஷா அல்லாஹ்.